டயாலிசிஸ் எடை சரியாக இருந்தும் அப்பாவுக்கு ஏன் மூச்சு முட்டுகிறது?

கேள்வி இதுதான்: அப்பாவுக்கு 61 வயது. சர்க்கரை நோயால் இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, ஒன்றரை வருடமாகச் செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். மூன்று மாதமாக இரவில் மூச்சுத் திணறல். டயாலிசிஸ் முடித்து வந்த அன்றைக்கே கூடச் சில நாள் வருகிறது. மையத்தில் கேட்டால், "ட்ரை வெயிட்டுக்கு (கூடுதல் நீர் இல்லாத எடைக்கு) இறக்கித்தான் அனுப்புகிறோம்" என்கிறார்கள். தெருமுனை டாக்டர், ஆஸ்துமாவாக இருக்கலாம் என்று நெபுலைசர் வைக்கச் சொன்னார். சாப்பாடும் இறங்கவில்லை, ஆள் பாதியாகிவிட்டார். என்ன செய்வது?

நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய வரிதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. ஆள் பாதியாகிவிட்டார், ஆனால் தராசில் எடை மட்டும் அப்படியே நிற்கிறது. அப்படியானால் போன சதையின் இடத்தில் வேறு ஏதோ உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலும் அது தண்ணீர்தான்.

அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன் அவசர விஷயம் ஒன்று. இன்றைக்கு ராத்திரி அவரால் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உட்கார்ந்திருந்தும் மூச்சு முட்டுகிறது, உதடு நீலமாகிறது, சளி இளஞ்சிவப்பு நுரையாக வருகிறது, நெஞ்சு வலிக்கிறது, உடம்பு சில்லிட்டு வியர்க்கிறது, பேச்சு குழறுகிறது, கை கால் துவள்கிறது. இவற்றில் எது ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108ஐக் கூப்பிட்டு, ராத்திரியிலும் டயாலிசிஸ் போடக்கூடிய, ஐசியு உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். வழியில் சின்ன கிளினிக்கில் இறங்கினால் நேரம்தான் வீணாகும். வண்டியில் படுக்க வைக்காமல் முதுகை நிமிர்த்தி, காலைத் தொங்கவிட்டு உட்கார வையுங்கள்; நெஞ்சுக்குத் திரும்புகிற ரத்தத்தில் கொஞ்சம் காலிலேயே தங்கும். வாய் உலர்கிறது என்று டம்ளர் டம்ளராகத் தண்ணீர் கொடுக்காதீர்கள். போய்ச் சேர்ந்ததும் கடைசி டயாலிசிஸ் என்றைக்கு, ட்ரை வெயிட் எவ்வளவு, பிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த இடம்) எந்தக் கையில் என்ற மூன்றையும் சொல்லுங்கள். அந்தக் கையில் ஊசியும் கூடாது, பிபி பட்டையும் கூடாது.

இன்னொன்று, ட்ரிப்ஸ். டயாலிசிஸ் பிரிவில் பதினெட்டு வருடம் வேலை பார்த்துவிட்டேன். ராத்திரியில் நுரை தள்ளிக்கொண்டு வந்து சேர்கிறவர்களில் சிலர் கையில் அன்று சாயங்காலம் ட்ரிப்ஸ் ஏற்றிய பிளாஸ்திரி அப்படியே இருக்கும். "ரொம்ப சோர்வா இருக்குன்னு ஒரு பாட்டில் போட்டுக்கிட்டோம்" என்பார்கள். அதைப் போட்டுவிட்ட டாக்டரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சோர்வு என்றால் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வது நம் ஊரில் நோயாளியே கேட்டு வாங்குகிற வைத்தியம். சிறுநீர் போகாத உடம்புக்குள் போகும் அந்த அரை லிட்டருக்கு வெளியேற வழி கிடையாது. யார் ஊசியோடு வந்தாலும், "டயாலிசிஸ் பேஷன்ட், யூரின் போகாது" என்பது உங்கள் முதல் வார்த்தையாக இருக்கட்டும்.

மருத்துவமனையில் ஆக்சிஜன் வைப்பார்கள், முகத்தை இறுக்கிப் பிடித்துக் காற்றை அழுத்தித் தள்ளும் பைபேப் மாஸ்க் போடுவார்கள், பிபி எகிறியிருந்தால் ரத்தக்குழாயை விரிக்கும் நைட்ரோகிளிசரின் ஓடவிடுவார்கள். ஈசிஜி கட்டாயம் எடுப்பார்கள். டயாலிசிஸ் தள்ளிப்போனவருக்குத் தண்ணீரோடு சேர்ந்து பொட்டாசியமும் ஏறியிருக்கும், அது இதயத்தை நிறுத்திவிடக்கூடியது. சிறுநீரைக் கூட்டும் லாசிக்ஸ் ஊசி ஓரளவாவது சிறுநீர் போகிறவர்களுக்குத்தான் உதவும். சுத்தமாக நின்றுபோனவருக்குத் தண்ணீரை இழுக்க மெஷின்தான் வழி.

சரி, உங்கள் அப்பாவிடம் வருவோம்.

மூச்சுக் கஷ்டத்துக்கு நாம் பல சொற்கள் வைத்திருக்கிறோம். மூச்சு முட்டுது, மூச்சு வாங்குது, இரைக்குது, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குது. நோயாளி எந்தச் சொல்லைச் சொல்கிறார் என்று நான் காது கொடுத்துக் கேட்பேன். எல்லாரும் அளந்து பேசுவதில்லைதான், ஆனாலும் அந்தச் சொல் பாதி வழி காட்டிவிடும். அப்புறம் இரண்டு கேள்வி கேட்பேன்: எப்போது வருகிறது, எதைச் செய்தால் விடுகிறது?

படுத்தால் முட்டுகிறது, எழுந்து உட்கார்ந்தால் விடுகிறது என்றால் முதல் சந்தேகம் நுரையீரலில் கோத்த நீர். படுத்ததும் காலிலும் வயிற்றிலும் தேங்கியிருந்த நீர் நெஞ்சுப் பக்கம் திரும்பிவிடுகிறது. இதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் தலையணை. போன வருடம் ஒன்று, இப்போது மூன்று, நேற்று ராத்திரி சேரில் சாய்ந்தபடியே தூங்கினார் என்று வீட்டில் சொன்னால், ஸ்டெதாஸ்கோப் வைக்கும் முன்பே கதை பாதி புரிந்துவிடும். தூங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் திடுக்கிட்டு எழுந்து ஜன்னலைத் திறக்கச் சொல்வதும் இதே வகைதான்.

நடந்தால், படி ஏறினால், குளித்து முடித்தால் மூச்சு வாங்குகிறது, படுத்தால் ஒன்றுமில்லை என்றால் ரத்தசோகை அல்லது இதயம். இரைப்பு என்றால் எல்லாருக்கும் ஆஸ்துமா ஞாபகம்தான் வரும், தெருமுனை டாக்டருக்கும் வந்திருக்கிறது. ஆனால் நுரையீரலில் நீர் கோத்தாலும் மூச்சுக்குழாய்ச் சுவர் வீங்கி அதே விசில் சத்தம் வரும். பீடி, சிகரெட் பழக்கமோ பழைய ஆஸ்துமாவோ இல்லாத ஒருவருக்கு அறுபது வயதுக்கு மேல் முதன்முறையாக இரைப்பு வந்தால், அதுவும் டயாலிசிஸில் இருப்பவருக்கு, அது நீர் இல்லை என்று உறுதியாகும்வரை நீர் என்றே வைத்துக்கொள்வேன். நெபுலைசர் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், படபடப்பையும் கூட்டும். நீர் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இப்போது ட்ரை வெயிட். உடம்பில் கூடுதல் நீர் எதுவும் இல்லாதபோது ஒருவர் இருக்க வேண்டிய எடை அது. டயாலிசிஸ் தொடங்கியபோது உங்கள் அப்பாவுக்கு 62 கிலோ என்று வைத்தார்கள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அதன்பிறகு சாப்பாடு குறைந்து மூன்று கிலோ சதை கரைந்துவிட்டது. இன்றைக்கும் 62க்கு இறக்கி வீட்டுக்கு அனுப்பினால், அவர் மூன்று லிட்டர் தண்ணீரோடுதான் வீடு திரும்புகிறார். தராசுக்குச் சதையும் தெரியாது, தண்ணீரும் தெரியாது. மையத்தில் சொல்வது பொய் இல்லை, எண் பழையது. டயாலிசிஸ் போட்ட அன்றைக்கே முட்டுவதற்கு இது பொருத்தமான விளக்கம். (இதற்கு நேரெதிரும் உண்டு. நன்றாகச் சாப்பிட்டு உடம்பு தேறுகிறவருக்கு எண்ணை உயர்த்தாவிட்டால் ஒவ்வொரு முறையும் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும், பிபி சரியும்.)

வீட்டிலேயே சில தடயம் பார்க்கலாம். கன்னம் ஒட்டிப்போய், மேல்கை மெலிந்து, பேன்ட் தொளதொளத்தும் எடை அதேதானா? டயாலிசிஸ் முடிந்த பிறகும், மூன்று நான்கு பிபி மாத்திரை போட்டும், மேல் எண் 160, 170 என்று நிற்கிறதா? அதுவும் பெரும்பாலும் தண்ணீரின் வேலைதான். கால் வீங்கவில்லையே என்று நிம்மதி அடைய வேண்டாம். இரண்டு மூன்று லிட்டர் சேர்ந்த பிறகுதான் காலில் விரல் வைத்தால் குழி விழ ஆரம்பிக்கும். அதிகம் படுத்தே இருப்பவருக்குக் காலில் இல்லாமல் இடுப்பின் பின்பக்கம் வீங்கும். ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் இல்லாமலே நுரையீரல் ஈரமாக இருப்பதும் டயாலிசிஸ் நோயாளிகளிடம் சகஜம். நுரையீரல் அல்ட்ராசவுண்டில் அது வால் நட்சத்திரம் மாதிரி வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். அந்த வசதி இல்லாவிட்டால், டயாலிசிஸ் முடித்த பிறகு எடுத்த ஒரு சாதாரண நெஞ்சு எக்ஸ்ரேயே நிறையச் சொல்லும்.

சந்தேகம் உறுதியானால் ஒரே நாளில் மூன்று கிலோவை இழுத்துவிட முடியாது, முயலவும் கூடாது. ஒவ்வொரு முறையும் 200, 300 கிராம் கூடுதலாக இழுத்து, தலையணை குறைகிறதா, பிபி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே சில வாரங்களில் எண்ணைக் கீழே கொண்டுவர வேண்டும். 2009இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் இப்படி மெதுவாகச் சுமார் ஒரு கிலோ இறக்கியதிலேயே ரத்த அழுத்தம் குறைந்தது. நடுவில் ஒருநாள் பிபி சரிந்தால் உடனே "போதும், காய்ந்துவிட்டார்" என்று நிறுத்திவிடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இதயம் பலவீனமாக இருந்தாலும், ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைந்திருந்தாலும், காலையில் பிபி மாத்திரை போட்டுவிட்டு வந்திருந்தாலும், அவசரமாக இழுத்தாலும், உடம்பில் தண்ணீர் இருக்கும்போதே பிபி சரியும்.

வேகம் பற்றி ஒரு கணக்கு. ஒரு கிலோ உடல் எடைக்கு மணிக்கு 13 மில்லிக்கு மேல் இழுத்தால் இதயத்துக்குக் கேடு என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் எல்லை. 60 கிலோ ஆளுக்கு நான்கு மணி நேரத்தில் சுமார் 3.1 லிட்டர் வருகிறது. உங்கள் அப்பாவுக்கு வெள்ளிக்கிழமைக்கும் செவ்வாய்க்கும் நடுவில் நான்கு நாள் இருக்கிறது. அதில் ஐந்து கிலோ ஏறி வந்தால் ஒரே அமர்வில் எடுக்கவே முடியாது, மிச்சம் அடுத்த முறைக்குப் போகும். வாரத்துக்கு 168 மணி நேரம், அதில் மெஷினில் இருப்பது 8. வாரம் மூன்று முறை போட முடியுமா, அல்லது நான்கு மணியை ஐந்தாக்க முடியுமா என்று கேளுங்கள். செலவும் அலைச்சலும் தெரிந்துதான் சொல்கிறேன். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் வருகிறது. உங்கள் அட்டையில் இன்னும் என்ன இடம் இருக்கிறது என்று மையத்தில் காப்பீடு பார்க்கிறவரிடம் விசாரியுங்கள். மூன்றாவது முறை நிரந்தரமாக முடியாவிட்டாலும், எடையை இறக்கும் அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் சில கூடுதல் அமர்வு கிடைத்தாலே வித்தியாசம் தெரியும்.

தண்ணீரைக் குறையுங்கள் என்று எல்லாரும் சொல்லியிருப்பார்கள். நான் உப்பைக் குறையுங்கள் என்றுதான் ஆரம்பிப்பேன். எட்டு ஒன்பது கிராம் உப்பு உள்ளே போனால் உடம்பு ஒரு லிட்டர் தண்ணீரைக் கேட்டு வாங்கிவிடும். உப்பு தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பது இங்கே அட்சர சுத்தமான உண்மை. ஊறுகாய், அப்பளம், கருவாடு, வடகம், கடை மிக்சர், பேக்கரி ஐட்டம், ஹோட்டல் சாம்பார் எல்லாம் கணக்கில் வரும். நாளைக்கு ஐந்து கிராம், அதாவது எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூன், அதற்குள் நிறுத்தினால் தாகம் தானாகவே அடங்கும். "லோ சோடியம்" என்று விற்கும் உப்பை மட்டும் வாங்காதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதில் சேர்ப்பது பொட்டாசியம், டயாலிசிஸ் நோயாளிக்கு அது விஷம் மாதிரி. இளநீரும் அப்படித்தான்.

தண்ணீர் அளவு, முந்தின நாள் போன சிறுநீரின் அளவோடு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை. ரசம், மோர், கஞ்சி, காபி, மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் இதற்குள். காலையில் ஒரு பாட்டிலில் அந்த அளவை ஊற்றி வைத்து, வேறு எதைக் குடித்தாலும் அதே அளவைப் பாட்டிலிலிருந்து கொட்டிவிடச் சொல்வேன். கண்ணுக்குத் தெரிந்தால்தான் மனம் கேட்கும். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை: சர்க்கரை 300, 400 என்று நின்றால் தாகத்தை எந்தக் கட்டுப்பாட்டாலும் அடக்க முடியாது. சிறுநீர் வழியாகச் சர்க்கரை வெளியேறும் பாதையும் அவருக்கு அடைத்துவிட்டது. சர்க்கரையைச் சரிசெய்யாமல் "ஏன் தண்ணி குடிக்கிறீங்க" என்று திட்டுவது அநியாயம்.

எல்லாவற்றையும் தண்ணீர் தலையிலேயே கட்டிவிடவும் முடியாது. எடையை இறக்கியும் மூச்சு சரியாகவில்லை என்றால் மற்றவற்றைத் தேட வேண்டும். நானாக இருந்தால் அதே வாரத்திலேயே தேடத் தொடங்குவேன்.

ஹீமோகுளோபின் எவ்வளவு? 7, 8 என்றால் நாலு அடி நடந்தாலே வாங்கும். ரத்த அணு உற்பத்தியைத் தூண்டும் ஈ.பி.ஓ ஊசியும், தேவைப்பட்டால் நரம்பு வழி இரும்புச்சத்தும் கொடுத்து 10க்கும் 11.5க்கும் நடுவில் வைப்பது வழக்கம். அதற்கு மேல் ஏற்றுவது நல்லதில்லை. 13க்கு மேல் கொண்டுபோகப் பார்த்த பெரிய ஆய்வுகளில் பக்கவாதம் போன்ற ஆபத்துகள்தான் கூடின. சட்டென்று ரத்தம் ஏற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால், மாற்றுச் சிறுநீரகம் பற்றி யோசிக்கிறீர்களா என்பதை முதலில் சொல்லுங்கள். ஒவ்வொரு ரத்தப் பாட்டிலும் பிற்பாடு பொருந்துகிற சிறுநீரகம் கிடைப்பதைக் கடினமாக்கலாம். ஏற்றியே தீர வேண்டுமென்றால் டயாலிசிஸ் நடக்கும்போதே ஏற்றுவது நல்லது, அந்த அளவு நீரை அங்கேயே எடுத்துவிடலாம்.

இதயம். சர்க்கரைக்காரருக்கு மாரடைப்பு நெஞ்சு வலி இல்லாமலே வரும், திடீர் மூச்சுத் திணறல் மட்டுமே அடையாளமாக இருக்கலாம். இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் பரிசோதனை சிறுநீரக நோயாளிகளில் எப்போதுமே கொஞ்சம் கூடுதலாக இருப்பதால் ஒரு முறை பார்த்து முடிவு செய்யக்கூடாது. சில மணி நேரம் கழித்து மறுபடி எடுத்து, ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். எக்கோவை (இதய ஸ்கேன்) டயாலிசிஸுக்கு மறுநாள் எடுங்கள். நீர் ஊறிய நிலையில் எடுத்தால் இதயம் உள்ளதைவிட மோசமாகத் தெரியும். அதே எக்கோவில் இதயத்தைச் சுற்றிய உறையில் நீர் இருக்கிறதா என்றும் தெரிந்துவிடும். டயாலிசிஸ் போதாதவர்களுக்கு அது வரும். முன்னால் குனிந்தால் நெஞ்சு வலி குறைவதும், மெஷினில் போட்டதும் பிபி விழுவதும் அதன் அடையாளம். பிஸ்டுலா அளவுக்கு மீறிப் பெருத்துப்போய், அதன் வழியே ஓடும் ரத்தமே இதயத்தைக் களைக்க வைப்பதும் உண்டு. அபூர்வம்தான், ஆனால் கை நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தால் டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள்.

எக்ஸ்ரேயில் ஒரு பக்கம் மட்டும் நீர் என்றால் நான் உஷாராகிவிடுவேன். டயாலிசிஸ் நோயாளிக்குக் கூடுதலாகத் தேங்கும் தண்ணீர் பெரும்பாலும் இரண்டு பக்கமும் சேரும். ஒரு பக்கம் மட்டும் இருந்து, சாயங்காலக் காய்ச்சல், பசியின்மை, மெலிவு என்று இருந்தால் டிபியா (காசநோய்) என்று பார்க்க வேண்டும். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக வருவது அது. உங்கள் அப்பா மெலிந்ததற்கே அது காரணமாக இருக்கலாம், ஆகவே ஏன் சாப்பிட முடியவில்லை என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

ஆக்சிஜன் அளவு 98 காட்டுகிறது, நெஞ்சில் சத்தமில்லை, ஆனாலும் ஓடி வந்தவர் மாதிரி ஆழமாக, வேகமாக மூச்சு விடுகிறார் என்றால் ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கலாம். அமிலத்தை மூச்சு வழியாக வெளியேற்ற உடம்பு படும் பாடு அது. ரத்தத்தில் பைகார்பனேட் அளவு பார்த்தால் தெரிந்துவிடும். விரலில் மாட்டும் மெஷின் நல்ல எண் காட்டினால் எல்லாம் சரி என்று நினைப்பவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். ரத்தசோகையிலும் அந்த எண் நன்றாகவே இருக்கும்.

மெஷினில் இருக்கும்போதே மூச்சு முட்டினால் வெட்கப்படாமல் உடனே சிஸ்டரையோ டெக்னீஷியனையோ கூப்பிடச் சொல்லுங்கள். ஆரம்பித்த சில நிமிடங்களில் என்றால் டயலைசர் (ரத்தத்தை வடிகட்டும் குழல்) ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். டயாலிசிஸுக்காகக் கழுத்தில் குழாய் வைத்திருப்பவருக்குக் குளிர் நடுக்கத்தோடு வந்தால் குழாயில் கிருமி இருக்கலாம். வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களுக்கு, திரவம் விட்ட கொஞ்ச நேரத்தில் முட்டினால், அது உதரவிதானம் வழியாக நெஞ்சுக்குள் கசிந்திருக்கலாம். பெரும்பாலும் வலது பக்கம்தான். திரவத்தை வெளியே வடித்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உங்கள் அப்பாவுக்கு இது இப்போது பொருந்தாது. ஆனால் டயாலிசிஸ் வேண்டாம் என்று முடிவெடுத்த, அல்லது இனி உடம்பு தாங்காத வயதானவர்களுக்கும் மூச்சுத் திணறலைக் குறைக்க வழி உண்டு. "இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று வீட்டுக்கு அனுப்புவது தவறு. கூடுதல் அளவில் லாசிக்ஸ், சாய்ந்து உட்காரும் கட்டில், முகத்துக்கு நேராக மெல்லிய காற்று. பனையோலை விசிறியோ சின்ன கை ஃபேனோ போதும், கன்னத்தில் குளிர்ந்த காற்று படுவதே மூச்சுத் தவிப்பைக் குறைக்கிறது. அதற்கும் அடங்காவிட்டால் மிகக் குறைந்த அளவில் ஓபியாய்டு (மார்பீன் வகை) மருந்து கொடுப்பார்கள். மார்பீனின் கழிவு சிறுநீரகம் வழியாகத்தான் போக வேண்டும், அது தேங்கி மயக்கமும் உடம்பு துள்ளலும் வரும் என்பதால், ஃபென்டனில் போன்ற வேறு மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதைத் தெரிந்த வலி நிவாரண மருத்துவரிடம் போங்கள், மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிற விஷயமில்லை.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. ஒரு பழைய டைரியில் தினமும் காலை வெறும் வயிற்றில், ஒரே தராசில், ஒரே மாதிரி உடுப்பில் எடை. பிபி. ராத்திரி எத்தனை தலையணை, எத்தனை மணிக்கு எழுந்தார். ஒரு நாள் முழுக்கப் போன சிறுநீரை ஒருமுறை அளந்து எழுதுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை அந்த டைரியையும், போன வருடம் எடுத்த ஒரு போட்டோவையும் எடுத்துக்கொண்டு போய், டெக்னீஷியனிடம் இல்லை, நெஃப்ராலஜிஸ்டிடமே (சிறுநீரக மருத்துவர்) காட்டி, "ஆள் இவ்வளவு இளைத்திருக்கிறார், ட்ரை வெயிட்டை எப்போது கடைசியாக மாற்றினீர்கள்?" என்று கேளுங்கள். டயாலிசிஸ் முடிந்த பிறகு ஒரு நெஞ்சு எக்ஸ்ரே, மறுநாள் ஒரு எக்கோ, ஹீமோகுளோபின், பைகார்பனேட். நெபுலைசரைத் தொடர வேண்டுமா என்பதை அந்த எக்ஸ்ரேயைப் பார்த்த பிறகு அவரே சொல்லட்டும்.